இருபது படித்த கைநாட்டுகள்

படிக்காதவரைப் படிக்க வைப்பது கடினம் என்கிறார்கள். படித்தவரைப் படிக்காதவராக்குவது அதைவிடப் பத்து மடங்கு கடினம். முப்பத்து நான்கு வருட ஆசிரியப் பணியில் முதல் வேலையை ஓரளவு செய்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு நாள் இரண்டாவது வேலையைச் செய்யப் போய், ஓசூரே சிரிக்கும்படி ஆனேன். என் மகள் ஷீலா இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் சொல்லுவாள். நன்றாகவே சொல்லுவாள். ஆனால் அவள் கதையில் ஓர் ஆள் குறைகிறது. அந்த ஆளையும் சேர்த்து ஒருமுறை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் மனைவி பிலோமினா இறந்த பிறகு எனக்கு நாளில் ஒரே ஒரு பொழுதுதான் தொல்லை. மாலை நாலு மணி. காலையில் ஏரிக்கரையில் நடை, பிறகு பேப்பர், பிறகு சமையல் என்ற பெயரில் நான் செய்யும் அட்டூழியம், மதியம் தூக்கம். எல்லாம் எப்படியோ ஓடிவிடும். நாலு மணிக்கு அவள் காபி போடுவாள். இரண்டு டம்ளர். இப்போது அந்த நேரத்தில் வீடு என்னைப் பார்க்கும், நான் வீட்டைப் பார்ப்பேன். (டிவி போடுங்களேன் என்றார்கள். போட்டேன். அதுவும் என்னைத்தான் பார்த்தது.)

அதனால்தான் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் தம்பி போன் செய்து, "சார், தினம் சாயந்திரம் நாலு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும்..." என்று ஆரம்பித்ததுமே சரி என்றுவிட்டேன். வயது வந்தோருக்கு எழுத்துச் சொல்லித்தரும் வேலை, சம்பளம் கிடையாது என்பதெல்லாம் பிறகு காதில் விழுந்தது.

மையம் எங்கள் வார்டின் மாநகராட்சிப் பள்ளியில், இரண்டாம் வகுப்பு அறையில். இருபது பேர் கொண்ட பட்டியலை என் கையில் கொடுத்தார்கள். வார்டுக்கு இருபது எழுத்தறியாதவர்கள் என்று மேலிருந்து உத்தரவு. பத்தொன்பதும் ஆகாது, இருபத்தொன்றும் ஆகாது. கணக்கெடுத்த ஆசிரியை பாவம், வகுப்பும் எடுத்து, தேர்தல் வேலையும் பார்த்து, வீடு வீடாகவும் ஏறி இறங்கியவர். எப்படியோ இருபதை எட்டிவிட்டார்.

பட்டியலை எடுத்துக்கொண்டு நானும் வீடு வீடாகப் போனேன். கட்டட வேலைக்கு வந்தவர்கள் கட்டடம் முடிந்ததும் அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். சிலருக்கு இரண்டாம் ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்குக் கம்பெனிக்குள் போனால் இரவு பத்துக்குத்தான் வெளியே வருவார்கள். ஒருவர் உலகத்திலேயே இல்லை. இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ஒரு பெரியவர் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். கன்னடப் பேப்பர். எழுத்தறியாதவர் பட்டியலில் ஏழாவது பெயர் அவருடையது!

வகுப்பு நேரம் நாலு முதல் ஆறு என்பது ஓசூரில் யாருக்கு வசதி? பள்ளிக்கூடத்து வாட்ச்மேனுக்கு வசதி. ஆறரைக்கு அவர் பூட்டிக்கொண்டு போகலாம். நேரத்தை ஷிப்டுக்குத் தகுந்தபடி மாற்றுங்கள் என்று மூன்று மனு எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. 'தங்கள் மனு பெறப்பட்டது.'

ஆக, என் வகுப்புக்கு வந்தது ஒரே ஒருத்தி. நாகம்மா.

நாற்பத்தைந்து வயதிருக்கும். தளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வீட்டுப் பேச்சு தெலுங்கு, சந்தைப் பேச்சு கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் நன்றாகச் சண்டை போடுவாள். ஒன்றிலும் எழுதத் தெரியாது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கழிப்பறை சுத்தம் செய்யும் வேலை. முதல் ஷிப்ட், ஆறிலிருந்து இரண்டு. அதனால்தான் அவளால் நாலு மணிக்கு வர முடிந்தது. கம்பெனியில் கொடுத்த நீலக் கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு, இரண்டாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவாள்.

முதல் நாளே கேட்டேன். "எதுக்கும்மா இப்ப படிக்கணும்னு வந்தே?"

"கதவு பின்னாடி ஒரு ஷீட்டு ஒட்டியிருப்பாங்கோ சார். மணிக்கொரு தடவை கழுவினா அதுல டைம் போடணும், என்னா பண்ணோம்னு எழுதணும், பேரு எழுதணும். எனக்குப் பதிலா அந்த சரிதாப் பொண்ணு போடும். அது லீவு போட்டா என் ஷீட்டு காலி. கழுவினது நானு, கழுவலேனு திட்டு வாங்கறதும் நானு!"

"அவ்வளவுதானா?"

"இப்ப புது காண்ட்ராக்டர் வந்துகீறாரு சார். பொங்கலுக்கு அப்புறம் ஷீட்டு எழுதத் தெரியாதவங்க வேணாமாம். அதுக்குள்ள நானு கத்துக்கணும்."

ஐந்து மாதம் இருந்தது. எங்களுக்குக் கொடுத்த பாடப் புத்தகத்தில் முதல் பாடம் ஏர், உழவு, வயல். நான் அதை மூடி வைத்துவிட்டு, அந்தத் தாளைப் போலவே கரும்பலகையில் கட்டம் போட்டேன். நேரம், தரை, சோப்பு, பெயர், குறிப்பு. எண்கள் அவளுக்குத் தெரியும், பஸ் நம்பர் பார்க்கிறவள்தானே. பெயர் வர மூன்று வாரம் ஆயிற்று. குறிப்பு என்ற கடைசிக் கட்டம் இன்னும் கைவரவில்லை, ஆனால் அதன் மேல்தான் அவளுக்குக் கண். "குழாய் ஒழுவுதுனு நானு வாயால சொன்னா யாரும் கேக்கறதில்ல சார். எழுதிப் போட்டா கேப்பாங்கோ."

ஒருநாள் ஊரிலிருந்து வரும்போது ஒரு பிடி பட்டன் ரோஜா கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். "அம்மா போட்டோவுக்கு சார்." பிலோமினாவைப் பற்றி அவளிடம் நான் எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். தினமும் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

இனி என் யோக்கியதைக்கு வருகிறேன். முதல் மாதம் வருகைப் பதிவேட்டில் உள்ளபடி எழுதினேன். ஒன்று. தினமும் ஒன்று. ஒருங்கிணைப்பாளர் தம்பி அலறினார். "சார், பதினைஞ்சுக்குக் கீழ போனா சென்டரை மூடிடுவாங்க. நீங்க பெரியவங்க. பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன். நாகம்மா போன பிறகு பதிவேட்டைத் திறந்து, ஒரே பேனாவில், ஒரே மூச்சில், இருபது பேரையும் வரவழைத்துவிடுவேன். மாணவர்கள் ஒரு நாள் வராவிட்டால் பெற்றோரைக் கூட்டி வரச் சொன்ன தலைமையாசிரியர் நான். இறந்துபோனவருக்கே தொடர்ச்சியாக வருகை போட்டேன். நாகம்மாவுக்காகத்தான் செய்தேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மறுபாதி, மையத்தை மூடினால் நாலு மணிக்கு நான் எங்கே போவது?

நாலாவது மாதம் தம்பி மறுபடியும் போன் செய்தார். "சார், வியாழக்கிழமை மாவட்டத்துலேர்ந்து மேடம் வர்றாங்க. இருபது பேரும் உக்காந்திருக்கணும். போட்டோ எடுப்பாங்க."

இரண்டு நாளில் இருபது எழுத்தறியாதவர்களுக்கு நான் எங்கே போவது? எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் படித்துத் தொலைத்தவர்கள். ஏரிக்கரையில் என்னோடு நடக்கும் ஓய்வு பெற்ற கோஷ்டி, மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து சில அம்மணிகள். பட்டதாரிகள், முதுகலைப் பட்டதாரிகள், விலங்கியலில் ஒரு டாக்டர் பட்டம்.

ஏரிக்கரை பெஞ்சில் ஒத்திகை நடந்தது. கோஷ்டியின் தலைவர் வரதராஜன், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். விஷயத்தைச் சொன்னதும் குதூகலமாகிவிட்டார்.

"ஹெட்மாஸ்டர், கைநாட்டு வைக்கிறதை எங்கிட்ட விடும். இருபத்தெட்டு வருஷம் ஊரார் கட்டைவிரலைப் பிடிச்சு மையில உருட்டினவன் நான். இடது கை. நகம் படக்கூடாது. எங்கே, எல்லாரும் நீட்டுங்க!"

பாடகர் குழுவின் எலிசபெத் டீச்சர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "பொய் சொல்றது பாவம் இல்லையா சார்?"

"ஒரு ஏழையோட படிப்புக்காக டீச்சர்."

"அப்ப சரி. எனக்கு என்ன பேரு?"

பட்டியலில் மிச்சமிருந்தது ஒரே பெயர். நாகம்மா என்றேன். அந்தப் பெயருக்கு ஓர் ஆள் இருக்கிறாள் என்று சொல்லவில்லை.

ஆமாம், நாகம்மாவை நான் உட்காரவைக்கப் போவதில்லை என்று முந்தின இரவே முடிவு செய்திருந்தேன். அவளுக்குப் பொய் வராது. மேடம் கேட்டால், "இவுங்க யாருன்னே தெரியாது, நானு பாத்ததே இல்ல" என்று சொல்லிவிடுவாள். அதோடு அவள் வாசிப்பு மெதுவாக இருக்கும், மையத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்றும் நினைத்தேன். (மையத்தில் உண்மையாகப் படித்த ஒரே ஆளால்!)

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் அவளே கேட்டாள். "பெரிய மேடம் வர்றாங்கனு வாட்ச்மேன் சொன்னாரு. அவுங்க முன்னாடி நானு படிக்கலாமா சார்? மூணு நாளா ஒரு பக்கத்தைப் படிச்சுனே கீறேன்."

"நாளைக்குக் கூட்டமா இருக்கும் நாகம்மா. நீ வர்றவங்களுக்கு டீ பாத்துக்கறியாம்மா?"

"செரி சார். பாடம்?"

"திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு என் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். எளிமையாக வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். வரதராஜன் கிழிசல் பனியன் போட்டு, அதன் மேல் தங்க ஃபிரேம் கண்ணாடியோடு வந்தார். வாசலில் நின்று எல்லார் சட்டைப் பையிலிருந்தும் பேனாக்களைப் பிடுங்கி ஒரு மஞ்சள் பையில் போட்டேன். பதினான்கு தேறின. இருபது பேரும் கண்ணாடி போட்டிருந்தால் சந்தேகம் வருமே என்று கண்ணாடிகளையும் கழற்றச் சொன்னேன். அதன் பலனாக, ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர் வாட்ச்மேனைப் பார்த்து எழுந்து நின்று, "வணக்கம் மேடம்" என்றார்.

உண்மையான மேடம் நாலேகாலுக்கு வந்தார். சிறு வயது. களைத்த முகம். அன்றைக்கு அவருக்கு அது ஐந்தாவது மையம். நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார்.

"மாதப்பன்?"

அது வரதராஜனுக்குக் கொடுத்திருந்த பெயர். நான் இருமினேன். இன்னொரு முறை இருமினேன். வரதராஜன் திடுக்கிட்டு எழுந்து, "ப்ரசென்ட் மேடம்!" என்று இங்கிலீஷில் கத்தினார்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து படித்தார். ஒவ்வொரு பெயராக வந்து கடைசிப் பெயர் வந்தது.

"நாகம்மா?"

"உள்ளேன் அம்மா." எலிசபெத் டீச்சர் தெளிவாக, கணீரென்று சொன்னார்.

அப்போதுதான் நாகம்மா டீத் தட்டோடு வாசல்படியில் கால் வைத்தாள். தன் பெயரைக் கூப்பிட்டதைக் கேட்டு வாய் திறந்தவள், இன்னொரு வாய் பதில் சொன்னதையும் கேட்டாள். எலிசபெத் டீச்சரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருடம் இது என்னை இப்படி உறுத்திக்கொண்டிருக்காது. கம்பெனியில் சரிதா அவளுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுவாளே, அப்போது எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். பழக்கமானவள் மாதிரி. பிறகு வரிசையாக எல்லாருக்கும் டீ கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள்.

மற்றதெல்லாம் ஷீலா சொல்வது போலத்தான் நடந்தது. மேடம் வாசிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டித் தடுமாறி வாசிக்க வேண்டும் என்பது திட்டம். விலங்கியல் டாக்டர் தடுமாறின தடுமாற்றத்தில், அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். எலிசபெத் டீச்சருக்கோ அச்செழுத்தைக் கண்டால் திருப்பலி வாசகம் வாசிக்கிற பழக்கம். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் நிமிர்ந்து மக்களைப் பார்த்து, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். முடித்ததும் நாலு பேர் ஆமென் சொன்னார்கள். மேடம் கொடுத்த மதிப்பீட்டுப் படிவத்தை ஒரு நிமிடம் புரட்டிய வரதராஜன், "ஏழாவது கேள்வியும் பதினொண்ணாவது கேள்வியும் ஒண்ணுதான் மேடம். ஒண்ணை அடிச்சுடலாம்" என்று யோசனை சொன்னார்.

கடைசியில் வருகைத் தாள் வந்தது. ஒத்திகையின் மகிமை! மைப்பெட்டியைக் கண்டதும் இருபது பேரும் வரிசையில் வந்து, நகம் படாமல், அழகாக உருட்டிக் கைநாட்டு வைத்தார்கள்.

"நாலு மாசம் படிச்சவங்க கையெழுத்துப் போடணும் இல்லையா சார்?" என்றார் மேடம்.

நான் மஞ்சள் பையைத் திறந்து பேனாக்களைத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்கள். பெரும்பாலும் இங்கிலீஷ். அதிலும் ஒருவருக்கும் புரியாத, கீழே இரண்டு கோடும் இரண்டு புள்ளியும் வைத்த அதிகாரிக் கையெழுத்து. வரதராஜன் தேதியும் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் மேசை மேல் எதையோ தேடினார். என்ன என்று கேட்டேன். "சீல்" என்றார்.

மேடம் என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்தார். போச்சு என்று நினைத்தேன்.

"எங்கப்பாவும் ஹெட்மாஸ்டர்தான் சார்" என்றார். "உங்க வயசுதான். அதனால உங்களை ஒண்ணும் சொல்ல வரல. இந்த மாசத்துக்குள்ள என் லிஸ்ட்ல இருக்கிற சென்டர் எல்லாம் நூறு சதவீதம்னு முடிச்சுக் காட்டணும். இதையும் முடிச்சதா எழுதிடறேன்."

ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தப்பித்தோம் என்கிற சந்தோஷம்.

பிறகு அவர் கேட்டார். "உண்மையாவே படிக்கிறவங்க யாராவது இருக்காங்களா சார்? இருந்தா சொல்லுங்க. வேற சென்டர்ல சேத்து விடறேன்."

நாகம்மா பத்தடி தள்ளிக் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நீட்டிக் காட்டினால் போதும். ஆனால் காட்டினால் மேடம் பெயர் கேட்பார். நாகம்மா என்பாள். அப்போது உள்ளே 'உள்ளேன் அம்மா' என்றது யார் என்று வரும். இல்லை என்று நான் சொல்லவில்லை. சும்மா நின்றேன். மேடம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் போட்டோ வந்தது. நூறு சதவீத எழுத்தறிவு எய்திய வார்டு, முன்வரிசையில் புதிதாக எழுத்தறிவு பெற்ற முதியவர்கள். வரதராஜனுக்குப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் சூளகிரியிலிருந்து போன் செய்தார். "ஏனுங்க மேனேஜர், அப்ப எங்க டிராக்டர் லோன் பேப்பரை எல்லாம் படிக்காமலேதான் கையெழுத்துப் போட்டீங்களா?" அன்றிலிருந்து ஒரு மாதம் வரதராஜன் ஏரிக்கரைப் பக்கமே வரவில்லை. எலிசபெத் டீச்சர் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து, என்னையும் போகச் சொன்னார்.

திங்கட்கிழமை நாலு மணிக்குப் பள்ளிக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. கேட்டில் ஒரு தாள். 'நூறு சதவீத எழுத்தறிவு எய்தியதால் இம்மையம் நிறைவு செய்யப்படுகிறது.' அதற்கு முன்னால் நாகம்மா நின்று, விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். "நூ... று..." அதற்கு மேல் ஓடவில்லை. என்னைப் பார்த்ததும் விரலை எடுத்தாள்.

"என்னா சார் எழுதிகீது?"

முப்பத்து நான்கு வருடம் எழுத்தைச் சொல்லிக்கொடுத்த வாயால், எழுத்துத் தெரியாதவளிடம் சொன்னேன். "லீவு விட்டிருக்காங்கம்மா."

"எத்தினி நாளு?"

"சொல்லி அனுப்பறேன்."

"பொங்கல் வருது சார்" என்றாள். அவ்வளவுதான். நீலக் கோட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

சொல்லி அனுப்ப என்னிடம் முகவரி இல்லை. பட்டியலில் இருந்த வாடகை வீட்டை அவள் எப்போதோ மாற்றியிருந்தாள். பதிவேட்டில் எல்லாருக்கும் பள்ளி முகவரியையே எழுதியிருந்தேன். சும்மாயிருக்க மனம் கேட்காமல், பொங்கல் கழித்து இரண்டு மணிக்கு சிப்காட் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். ஷிப்ட் விட்டது. நூற்றுக்கணக்கான நீலக் கோட்டுகள். மூன்றாம் நாள்தான் ஒரு பெண் நின்று பதில் சொன்னாள்.

"நாகம்மாக்காவா? ஷீட்டு எழுதத் தெரியாதவங்களை எல்லாம் நிறுத்திட்டாங்களே சார். ஊருக்குப் போயிருக்கும். தளிப் பக்கம்."

தளி பஸ்ஸில் ஏறிப் போனேன். நாகம்மா வீடு எது என்று கேட்டேன். எந்த நாகம்மா என்றார்கள். நீலக் கோட்டு என்றேன், கழிப்பறை வேலை என்றேன். அவள் கணவன் பெயர் எனக்குத் தெரியாது, பிள்ளைகள் பெயர் தெரியாது. நாலு மாதம் என் கதையையே சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அந்த பஸ் ஸ்டாண்டில்தான் உறைத்தது. குளிர்ந்த காற்றில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றி இப்போது இரண்டு கதைகள் ஓடுகின்றன. ஒன்று இது. என் பிறந்தநாளுக்குப் பேரப்பிள்ளைகள் அனுப்பும் வாழ்த்து அட்டையில் கையெழுத்து இருக்காது, நீல மையில் கைநாட்டுதான் இருக்கும். இன்னொன்று, தாத்தா வெளியே எங்கே கழிப்பறைக்குப் போனாலும் அரை மணி நேரம் ஆகும் என்பது. காரணம் அவர்களுக்குத் தெரியாது. வயசு என்று நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரி, ஹோட்டல், துணிக்கடை, எங்கே போனாலும் கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளை நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் வருவேன். (ஆண்கள் பக்கம் மட்டும்தான் பார்க்க முடிகிறது. ஓசூரில் பாதித் தாள்களை நான் பார்க்கவே முடியாது.)

போன கிறிஸ்துமஸுக்கு ஷீலா குடும்பத்தோடு காரில் போகும்போது கிருஷ்ணகிரி தாண்டி ஒரு ஹோட்டலில் நிறுத்தினார்கள். வழக்கம்போல மருமகன் வந்து கதவைத் தட்டினார்.

"மாமா, உள்ள என்ன பண்றீங்க?"

"படிச்சிட்டிருக்கேன் மாப்பிள்ளை."

சுங்கச்சாவடி வரும்வரை காரில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தத் தாளில் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை ஒன்பது வரிகள். குறிப்புக் கட்டம் முழுக்கக் காலி. குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. பெயர்க் கட்டத்தில் ஒன்பது வரியிலும் வேறு வேறு பெயர்கள், ஆனால் ஒரே கை, ஒரே பேனா, ஒரே மூச்சில் போட்டது. எனக்குத் தெரியாதா அந்தக் கை? மூன்று மாதம் நானும் அப்படித்தான் எழுதினேன்.